பன்னெண்டு வோல்ட்டு

எளாவூர் செக்போஸ்ட் தெரியாத லாரிக்காரன் கிடையாது. மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிற ரோடு. பழைய ஆட்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றுதான் சொல்வார்கள். அப்புறம் என்.எச். 5 ஆனது, இப்போது என்.எச். 16. நம்பர் மாறுகிறதே தவிர ராத்திரியில் லாரி குறைந்ததில்லை. செக்போஸ்ட்டில் பகல் மாதிரி வெளிச்சம். அதைத் தாண்டி உள்ளே இறங்கினால் ஊர்கள். ஊர்த்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் லைட்டு. ஊரின் கடைசி வீட்டோடு லைட்டும் நின்றுவிடும். அதுக்கப்புறம் இருட்டு. இருட்டு முடிகிற இடத்தில் காலனி. நான் ஒயரிங் வேலைக்குப் போன காலனிகளில் பெரும்பாலும் இதே கதைதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் பையன்கள் மோட்டார் சைக்கிளில் கூடுதலாக லைட்டு மாட்டுவதைப் 'பந்தா' என்று பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பந்தாவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இருபது வயசில் பந்தா பண்ணாமல் எப்போ பண்ணுவான்? ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி பத்து மணி ஷிப்ட்டுக்குப் போகிறவனையும், ரெண்டு மணி ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வெளியே வருகிறவனையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். பர்மனென்ட் ஆளுக்குக் கம்பெனி பஸ் உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்குச் சொந்தக் கால், இல்லையென்றால் சொந்த வண்டி. மின்சார ரயிலும் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டிப் போகிற வண்டி கொஞ்சம்தான். அதனால் வண்டிதான் வேலை. வண்டி இல்லையென்றால் ஷிப்ட் இல்லை. ரோட்டில் எருமை படுத்திருக்கும். டெயில் லைட் இல்லாத டிரெய்லர் ஓரமாக நிற்கும். ரோலிங் மில்லுக்குப் போகிற ஸ்கிராப் லாரியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துண்டு கிடக்கும். காலனி ரோட்டில் மழைக்காலத்தில் எது பள்ளம் எது ரோடு என்றே தெரியாது. வண்டியோடு வந்த 35 வாட் பல்பு அங்கே மினுக்கட்டாம் பூச்சிதான்.

ஆகவே மாட்டுகிறான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கி வருகிறான், புதுப்பேட்டையில் பழையது பொறுக்கி வருகிறான். ரெண்டு ஃபாக் லைட்டு, ஒரு ஜோடி ஹாரன், போனுக்குச் சார்ஜர், ஏப்ரல் 14 வந்தால் நீல லைட்டு. மாட்டித் தருகிறவன் ரோட்டோரத்தில் இருக்கிறான். அரை மணி நேர வேலை. எப்படி மாட்டினான் என்பது டாங்கிக்கு அடியில் மறைந்துவிடும். அந்த மறைந்த இடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நான் இதைக் கற்றுக்கொண்ட விதம். எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது என் நைனா என்னைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் விட்டார். கடைப் பேர் வேண்டாம், அந்தக் கடையும் இப்போ இல்லை. கடைக்காரர் கெட்டவர் இல்லை. சாயங்காலம் மறக்காமல் டீக்குக் காசு கொடுப்பார். அந்த டீயை நான் குடிப்பதற்குக் கடைப் பின்பக்கம் ஒரு தனி டம்ளர் இருந்தது, அதை நானே கழுவி நானே கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டரி தூக்குவது, ஆசிட் தண்ணி ஊற்றுவது, டெர்மினலில் பூத்த பச்சையைச் சுரண்டுவது எல்லாம் என் வேலை. ஆசிட் பட்டு என் சட்டை எல்லாம் சல்லடையாகியிருக்கும். ஆனால் எந்த ஒயரை எதில் சேர்ப்பது என்கிற இடம் வரும்போது மட்டும், "டேய், போய் டீ வாங்கியா" என்பார். திரும்பி வரும்போது டேப் சுற்றி முடித்திருப்பார். நாலு வருஷம் நான் அந்தக் கடையில் வாங்கிய டீ கொஞ்சநஞ்சமில்லை.

தொழில் ரகசியம் என்பார்கள். எல்லாத் தொழிலிலும் இருக்கிறதுதான். அவர் சொந்த மச்சான் மகனுக்கு மட்டும் அந்த ரகசியம் ஆறு மாதத்தில் கிடைத்துவிட்டது.

நான் கற்றுக்கொண்டது செத்துப்போன வண்டிகளிடம். கடைக்குப் பின்னால் காயலாங்கடைக்குப் போகக் கிடந்த வண்டிகளின் சீட்டைக் கழற்றி, ஒயரை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போவேன். அப்படித்தான் தெரிந்தது, ஹீரோ ஹோண்டாவில் பச்சை ஒயர்தான் எர்த். சிவப்பு பாட்டரியிலிருந்து வருகிற பிளஸ். கறுப்பு, சாவி திருப்பினால் வருகிற பிளஸ். யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் அதே கறுப்புதான் எர்த். சாவிக்கு அப்புறம் வருகிற பிளஸ் பழுப்பு. ஒரே கறுப்பு, ஒரு வண்டியில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். இது தெரியாமல் 'கறுப்புன்னா எர்த்' என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற ஆட்கள் இன்றைக்கும் ஹைவே முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனியின் நிறம் என்ன என்று பார்க்காமல் கட்டிங் பிளேயரை எடுக்கவே கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். நிறத்தை வைத்து முடிவு கட்டுகிற பழக்கம் இந்த நாட்டில் ஒயரோடு நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு நிஜமான வாத்தியார் ஒரு பழைய புல்லட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி அம்பதுகளின் நடுவிலிருந்து வண்டி கட்டியது. அங்கே வேலை பார்த்த ஆட்கள் எங்கள் ரயில் லைனில் மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் இருந்தார்கள். அதில் ஒருத்தர், நம்ம ஆள்தான், ரிட்டயர் ஆகிப் பொன்னேரிப் பக்கம் இருந்தார். அவர் புல்லட்டில் ஹெட்லைட் மூடிமேல் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். பழைய புல்லட் எல்லாவற்றிலும் இருந்த மீட்டர்தான். முள் பிளஸ் பக்கம் போனால் பாட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறது, மைனஸ் பக்கம் போனால் பாட்டரியிலிருந்து இறங்குகிறது. அவர் என்னை உட்கார வைத்து ஹெட்லைட் போடுவார், முள் இறங்கும். ஹாரன் அழுத்துவார், முள் பொத்தென்று விழும். ஆக்சிலேட்டர் முறுக்குவார், ஏறும். "பாத்துக்கடா. வண்டிக்கும் வரவு செலவு உண்டு. வரவுக்கு மேல செலவு பண்ணா வட்டிக்கடைக்காரன் வருவான்" என்றார். நாலு வருஷத்தில் எனக்குத் தெரியாதது ஒரு மத்தியானத்தில் தெரிந்தது. அவர் எனக்குத் தந்தது தண்ணீர், சொம்பில், அவர் குடிக்கிற அதே சொம்பில்.

அந்த வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். எட்டாம் கிளாஸ் கணக்கு. ஒரு 100 சிசி வண்டியில் ஹெட்லைட் 35 வாட், டெயில் லைட் 5, பிரேக் பிடித்தால் 21, இண்டிகேட்டர் போட்டால் பத்தும் பத்தும் இருபது. கூட்டினால் 81 வாட். கம்பெனிக்காரன் மேக்னெட்டோவை இந்தக் கணக்குக்குத்தான் சுற்றியிருக்கிறான், கொஞ்சம் மிச்சம் விட்டு. அதில் நம் பையன் 55 வாட் ஃபாக் லைட் ரெண்டு மாட்டுகிறான். 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். வண்டி உண்டாக்குவதை விட அதிகமாகச் செலவு. மிச்சத்தை யார் தருவது? பாட்டரி. கிக்கரில் ஸ்டார்ட் ஆகிற பழைய 100 சிசி வண்டிகளில் இருக்கிற பாட்டரி 2.5 ஆம்பியர்-அவர். மேக்னெட்டோ உதவி இல்லாமல் அந்த ரெண்டு லைட்டை மட்டும் எரித்தால் கால் மணி நேரம் தாங்கும், அதுவும் புது பாட்டரியாக இருந்தால். அப்புறம் பையன் வந்து, "ணா, பாட்டரி டூப்ளிகேட்டுணா, மூணு மாசத்துல பூட்ச்சி" என்பான். பாட்டரி ஒரிஜினல்தான் தம்பி, கணக்குதான் டூப்ளிகேட்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பழைய 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட் பாட்டரியிலிருந்தே எரியாது. மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏ.சி. கரண்டில் எரியும். அதனால்தான் ஸ்லோவில் மங்கும், முறுக்கினால் பிரகாசிக்கும். அந்த ஒயரிலிருந்து பிடித்து ஒரு ரிலேயை ஓட்டினால் ரிலே கடகடவென்று பல்லாட்டும். போன் சார்ஜரை அதில் கொடுத்தால் போனே போய்விடும். முதலில் நம் வண்டி ஏ.சி.யா டி.சி.யா என்று பார்க்க வேண்டும். இஞ்சின் ஓடாமல், சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டினால் எரிகிறதா? எரிந்தால் பாட்டரி லைன். எரியவில்லையென்றால் பெரும்பாலும் மேக்னெட்டோ லைன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாகவே எரியும், அணைக்கச் சுவிட்ச் கிடையாது. அது சட்டம். ஆகவே புது வண்டியில் ஹெட்லைட் செலவு பகலிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி என் சித்தப்பா மகன் கதைக்கு வருகிறேன். அவன் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட். பழுத்த இரும்புக் கம்பியைக் குறட்டால் பிடித்து உருளைக்குள் தள்ளுகிற வேலை. பைனான்சில் ஒரு 150 சிசி வண்டி எடுத்தான். நான் அப்போ வேலையாக நெல்லூர் பக்கம் போயிருந்தேன். அவசரம் அவனுக்கு, ஹைவேயில் ஒரு கடையில் ரெண்டு ஃபாக் லைட் மாட்டிக்கொண்டான். மாட்டும்போது, "ஃபியூஸ் வேணாமாணா?" என்று கேட்டிருக்கிறான். மெஷின் பக்கத்தில் வேலை பார்க்கிறவன், அந்த அளவுக்குத் தெரியும். கடைக்காரன் சொன்னது: "ஃபியூஸ் போட்டா வெளிச்சம் கம்மியாவும். பன்னெண்டு வோல்ட்டுப்பா, ஷாக்கா அடிக்கப்போவுது?"

ஷாக் அடிக்காதுதான். பன்னெண்டு வோல்ட்டை ரெண்டு கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை அலட்சியம். வீட்டில் 230 வோல்ட் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் நெருப்பு வைப்பது வோல்ட் இல்லை, ஆம்பியர். பாட்டரியின் பிளஸ் நேராகச் சேசிஸில் தொட்டால் அந்தச் சின்ன டப்பாவிலிருந்து பத்து பத்தாக ஆம்பியர் பாயும். ஒல்லி ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். அதுக்கு ஒரு சாண் மேலே பெட்ரோல் டாங்கி.

கார்த்திகை மாசம், மழை. பத்து மணி ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வளைவில் ஹாண்டிலை ஒடித்திருக்கிறான், லைட் ரெண்டும் அணைந்துவிட்டது. பிளாஸ்டிக் தீய்கிற நாத்தம் வந்தது. சீட்டுக்கும் டாங்கிக்கும் நடுவிலிருந்து புகை. இறங்கி, பெட்ரோல் டேப்பை மூடக் கையை விட்டிருக்கிறான். உள்ளங்கை வெந்தது. தள்ளிவிட்டு ஓடினான். லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி மண்ணை அள்ளிப் போட்டாராம். மழை பெய்துகொண்டே இருந்தது, வண்டியும் எரிந்துகொண்டே இருந்தது என்று சொன்னான்.

மறுநாள் ராத்திரிதான் நான் வந்தேன். காலையில் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். எரிந்த வண்டி பேசும், கேட்கத் தெரிந்தால். வெளியிலிருந்து தீ பட்ட ஒயரில் மேல்தோல் கருகி, உள்ளே ஒட்டிய பக்கம் கொஞ்சம் நிறம் தங்கியிருக்கும். உள்ளேயிருந்து சூடாகி எரிந்த ஒயரில் தோல் செம்பை விட்டுக் கழன்று தொளதொளவென்று இருக்கும். இது இரண்டாவது வகை. பாட்டரியிலிருந்து ஹாண்டில் கழுத்து வரை முழு நீளமும் அப்படி. வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி ஒயர். வளைத்து வளைத்து விட்டால் ஒடிகிற ஒயர் அது. வண்டிக்குப் பல இழை ஒயர்தான் போட வேண்டும், ஆட்டத்தைத் தாங்கும். ஹாண்டில் கழுத்தில், இடதுபக்கம் ஒடித்தால் இரும்பும் இரும்பும் நெருங்கி வருகிற இடத்தில், ஒயர் அறுந்திருந்தது. அறுந்த முனையில் கடுகளவு செம்பு மணி, உருண்டையாக, மினுமினுவென்று. பக்கத்தில் சேசிஸ் இரும்பில் அதுக்கு ஜோடியாக ஒரு சின்னக் குழி. செம்பு உருகி மணியானால் அங்கேதான் ஒயரும் சேசிஸும் தொட்டுப் பொறி பறந்தது என்று அர்த்தம். வெறும் பெட்ரோல் தீ அப்படி ஒரே ஒரு முனையில் மணி கட்டாது. மூணு மாசமாக ஒவ்வொரு வளைவிலும் அந்த இடம் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. பாட்டரிப் பக்கத்திலேயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் அது டப்பென்று போயிருக்கும். லைட் அணைந்திருக்கும். திட்டிக்கொண்டே ஷிப்ட்டுக்குப் போயிருப்பான்.

அந்தத் துண்டை ஒரு பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு அவனும் நானும் கடைக்குப் போனோம். கடைக்காரன் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. "உங்க காலனிப் பசங்க கையில வண்டி குடுத்தா இப்பிடித்தான். எத்தினி தடவ ஹாரன் அடிச்சானோ" என்றான். தீப்பிடித்தது ஹாரன் லைனே இல்லை. ஆனால் ஒயரைப் பார்க்க மறுத்தவனிடம் ஒயரைப் பற்றி என்ன பேசுவது. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும், ஒரு காசு வராது. பைனான்சில் பதினோரு தவணை பாக்கி. வெந்த கையோடு குறடு பிடிக்க முடியாமல் மூணு வாரம் வீட்டில் இருந்தான். காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். இல்லாத வண்டிக்குப் பதினோரு மாசம் தவணை கட்டினார்கள் சித்தியும் அவனும். சித்தி மாட்டை விற்றது அந்த வருஷம்தான்.

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் காலனிப் படிப்பகத்தில் பையன்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். யாரையும் டீ வாங்க அனுப்புவதில்லை.

அங்கே முதலில் சொல்வது ஃபியூஸைப் பற்றி. ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்றுவதற்கு இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்கு. அதனால் அது லைட் பக்கத்தில் இருந்து பிரயோஜனம் இல்லை. பாட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற துண்டுக்கு யாரும் காவல் இல்லை, ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பட்டை ஃபியூஸில் நிறத்தைப் பார்த்தாலே ஆம்பியர் தெரியும்: பழுப்பு ஏழரை, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கம்பெனி கம்பெனிக்கு மாறாது, ஒயர் நிறம் மாதிரி ஏமாற்றாது. ஓடுகிற ஆம்பியருக்கு ஒன்றேகால், ஒன்றரை மடங்கு ஃபியூஸ். அந்த ஃபியூஸை விட அதிகம் தாங்குகிற ஒயர். ஒன்பது ஆம்பியர் லைட்டுக்கு நீல ஃபியூஸ், 1.5 ஸ்கொயர் ஒயர். ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று தேடாமல் பச்சையைச் சொருகுகிறவன், இல்லையென்றால் சிகரெட் ஜிகினா பேப்பரைச் சுற்றுகிறவன், தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைக்கிறான்.

ஃபியூஸ் போட்டால் வெளிச்சம் குறையும் என்பது பொய். வெளிச்சத்தைக் குறைப்பது ஒல்லி ஒயரும் கெட்ட ஜாயிண்டும்தான். அரை ஸ்கொயர் ஒயரில் போக ரெண்டு மீட்டர், வர ரெண்டு மீட்டர், 5 ஆம்பியர் ஓட்டினால் வழியிலேயே முக்கால் வோல்ட் காணாமல் போகும். ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதம் போய்விடும். அதனால் கூடுதல் லைட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் லைட்டே மாட்டுவதில்லை. எர்த்தைச் சுரண்டி, பெயிண்ட் போக இரும்பு தெரியத் தேய்த்து மாட்டுகிறேன். நம் பக்கம் பழவேற்காட்டு உப்புக்காற்று, மில் புகை எல்லாம் சேர்ந்து டெர்மினலைச் சீக்கிரம் பச்சையாக்கும். அதைத் துடைத்துக் கொஞ்சம் வாஸ்லின் தடவுகிறேன். பாதி ராத்திரி அதிலேயே விடிந்துவிடும். கடைக்காரனுக்கு இதில் லாபம் இல்லை, அதனால் சொல்ல மாட்டான்.

ஜாயிண்ட் என்றால் முறுக்கி டேப் சுற்றுவது இல்லை. இஞ்சின் சூட்டில் டேப் பசை உருகி வழியும், ஆறு மாசத்தில் பிரிந்துகொள்ளும். அப்போது பிடி தளர்ந்த ஜாயிண்டில் கால் ஓம் கூட இல்லை, 0.2 ஓம் தடை வந்தால் போதும். பத்து ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு. ஈயம் பற்றவைக்கிற ராடு 25 வாட். கிட்டத்தட்ட ஒரு ராடை டாங்கிக்கு அடியில் ஆன் பண்ணி வைத்த மாதிரி. சரியான அளவு லக்கைப் போட்டு, அதுக்கென்று இருக்கிற பிளேயரால் நசுக்கி, மேலே ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டிச் சுருக்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. ஈயம் மட்டும் வைத்தால் அது முடிகிற இடத்தில் ஒயர் விறைத்துப்போய் ஆட்டத்தில் ஒடியும்.

ரிலே என்பதைப் பையன்கள் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கை சொன்னால் பெரிய கை வேலை செய்வது. ஹாண்டிலில் இருக்கிற சுவிட்ச் பத்து ஆம்பியர் தாங்காது. அதில் கால் ஆம்பியர் கூட ஓட விடாமல் ரிலேயை மட்டும் தட்டச் சொல்கிறோம். பின்பக்கம் நம்பர் போட்டிருக்கும்: 85, 86 தட்டுகிற பக்கம், 30-இல் ஃபியூஸ் வழியாகப் பாட்டரி பிளஸ், 87-இலிருந்து லைட்டுக்கு. தட்டுகிற ஒயரைச் சாவி போட்டால் வருகிற பிளஸில் கொடுத்தால் சாவியை எடுத்ததும் எல்லாம் செத்துவிடும். சார்ஜரை நேராகப் பாட்டரியில் கட்டினால், போன் இல்லாவிட்டாலும் 20 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால் போதும், 2.5 பாட்டரி அஞ்சு நாளில் காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டியை உதைப்பதெல்லாம் இதனால்தான்.

ஒயர் போகிற பாதைதான் கடைசி, ஆனால் சித்தப்பா மகன் வண்டியை எரித்தது அதுதான். ஹாண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்து, ரெண்டிலும் ஒயர் இழுபடாமல் நசுங்காமல் தொங்க வேண்டும். சைலன்சர் பக்கம் போகக்கூடாது. இரும்பு ஓட்டைக்குள் விட்டால் ரப்பர் வாஷர் போட வேண்டும். வேலை ஆரம்பிக்கும்போது பாட்டரியில் மைனஸை முதலில் கழற்ற வேண்டும், முடிக்கும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் இருக்கிற ஸ்பானர் சேசிஸில் பட்டால் அங்கேயே தீபாவளி. புது லைனை முதலில் சோதிக்கும்போது ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் பல்பைத் தொடராகக் கொடுங்கள், லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழுசாக எரியும். ஒன்றும் கருகாது, ஃபியூஸும் வீணாகாது. இந்தப் பல்பு வித்தைக்காகத்தான் நான் நாலு வருஷம் டீ வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அனுமதிக்காத மாற்றத்தை வண்டியில் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில். பல சுரத்தில் பாடுகிற ஹாரன் எப்போதுமே கூடாது. செக்போஸ்ட் பக்கம் யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கையாட்டி அனுப்புகிறார்கள் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி நமக்கு வெறும் வண்டியாக மட்டும் இருக்க விடுவதில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியதாக வழக்குப் பதிவாகி, மூன்று பேர் கைதானார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் படிப்பகத்தில் ஒயர் வேலை நடக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் பையன்களோடு சண்டை போடுவேன். வெள்ளை வெளேரென்று எதிராளி கண்ணைக் குத்துகிற எல்.இ.டி. பட்டை லைட். கரண்ட் கம்மிதான் இழுக்கும், 36 வாட் என்றால் 3 ஆம்பியர்தான், ஒயருக்கு நல்லது. ஆனால் எதிரில் யார் வருகிறார்கள்? ராத்திரி ஷிப்ட் விட்டுத் தகரக் கொட்டகைக்கு நடந்து போகிற பீகார், ஒடிசா ஆட்கள். சைக்கிளில் வருகிற நம் பெரியவர்கள். போன வருஷம் ஒரு தம்பி கேட்டான்: "லாரிக்காரன் நம்ம கண்ணுல அடிக்கிறானேணா, நாம அடிக்கக் கூடாதா?" நான் சொன்னேன்: "லாரிக்காரன் கண்ணுல நீ அடிச்சா அவனுக்கு ஒண்ணும் ஆவாதுடா. ஒசரத்துல இருக்கான். நடந்து வர்றவன் கண்ணுலதான் படும்." அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு கடையில் மாட்டிக்கொண்டான். ஃபியூஸாவது போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றான். சீட்டைத் தூக்கிக் காட்டினான், போட்டுத்தான் இருந்தான், நீலம், பாட்டரிக்குப் பக்கத்தில். மூணு ஆம்பியருக்கு எதுக்குடா பதினஞ்சு என்று கேட்டு அஞ்சைக் கொடுத்தேன். வாங்கிச் சொருகிக்கொண்டான், லைட்டைத் தாழ்த்தச் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

இப்போது படிப்பகத்துக்கு வருகிறவர்களில் ரெண்டு பேர் பொண்ணுங்க. ஒருத்தி ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிஷியன் டிரேடு. அவளுக்கு என்னை விட வேகமாகக் கணக்கு வருகிறது. வண்டியைத் தொட விடாத அண்ணன் ஒருத்தன் வீட்டில் இருக்கிறான், அதனால் இங்கே வந்து தொடுகிறாள். போன வாரம் ஒரு பழைய ஸ்கூட்டரின் ஒயரிங்கை முழுசாக உருவிப் பாயில் பரப்பி வைத்திருந்தாள். "பெரிப்பா, இந்த ரிலேல 87ஏ-ன்னு ஒண்ணு இருக்குதே, அது இன்னாத்துக்கு?" என்றாள். ரிலே தட்டாமல் இருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருக்கிற முனை அது, தட்டினால் விட்டுவிடும் என்றேன். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ சாவி போட்டா ஆஃப் ஆவற மாதிரியும் ஒண்ணு பண்ணலாம்" என்றாள். எதுக்கும்மா என்று கேட்டேன். "திருடன் அலாரத்துக்கு" என்று சொல்லிவிட்டு லக் நசுக்குகிற பிளேயரைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.